பிளாஸ்மாவில் இன்டர்லூக்கின்-6: 25 கிலோடால்ட்டனில் தெரியும் பட்டை எதனுடையது?

வெள்ளவத்தை_மாணவி:
வணக்கம். கொழும்பில் முதுமாணி ஆய்வுக்காக, டெங்கு நோயாளரின் பிளாஸ்மாவில் (குருதியின் திரவப் பகுதியில்) இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதத்தை வெஸ்டர்ன் புளொட் முறையில் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, பிறபொருளெதிரிகளால் கண்டறியும் முறை) தேடுகிறேன். சுண்டெலியில் உருவாக்கிய முதற் பிறபொருளெதிரியையும், அதைப் பற்றும் இரண்டாம் பிறபொருளெதிரியையும் பயன்படுத்தினேன். 25 கிலோடால்ட்டன் (புரதத்தின் மூலக்கூற்று நிறையின் அலகு) அளவில் கரிய பட்டை ஒன்று, நலமாக இருப்போரின் மாதிரிகளிலும்கூட, ஒரே தடிப்பில் வருகிறது. 50ஐ அண்டி இன்னொன்றும் உண்டு. 25இல் உள்ளதை இன்டர்லூக்கின்-6 எனக் கொள்ளலாமா?

ஆய்வுகூட_நண்பர்:
கொள்ள வேண்டாம். 25உம் 50உம் சேர்ந்து வந்தால், அவை பெரும்பாலும் மாதிரி தந்தவரின் சொந்த ஐ.ஜி.ஜி.யின் (குருதியில் மிகுதியாக உள்ள பிறபொருளெதிரி வகை) இலேசான, பாரமான சங்கிலிகளே. பிளாஸ்மாவில் ஒரு மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஐ.ஜி.ஜி. இருப்பதால், மனிதப் புரதங்களைப் பற்றாதபடி முன்கூட்டியே சுத்திகரிக்கப்படாத இரண்டாம் பிறபொருளெதிரி அதிலும் ஒட்டிக்கொள்ளும். ஒரு கீற்றை வெட்டி, முதற் பிறபொருளெதிரி இடாமல் மற்றெல்லாவற்றையும் வழமைபோலச் செய்யுங்கள்; பட்டை அப்படியே வந்தால் ஐயமில்லை.

அதைவிடப் பெரிய தடை அளவுதான். நலமானவரின் பிளாஸ்மாவில் இன்டர்லூக்கின்-6 மில்லிலீற்றருக்குச் சில பிக்கோகிராம் மட்டுமே. பிளாஸ்மாவில் மிக அதிகமாக உள்ள புரதமான அல்புமினோ 40 மில்லிகிராம் அளவில் உண்டு. 5 பிக்கோகிராம் என்று வைத்தால், வேறுபாடு 800 கோடி மடங்கு. ஜெல்லில் ஒரு மைக்கிரோலீற்றர் பிளாஸ்மாவை ஏற்றினால் 40 மைக்கிரோகிராம் அல்புமின் இறங்கும், நீங்கள் தேடுவதோ 0.005 பிக்கோகிராம், நோயில் அது நூறு மடங்கு உயர்ந்தாலும் வெஸ்டர்னுக்கு எட்டாது. டெங்கு வைரசின் என்.எஸ்.1 புரதத்தை ஒரு சிறு விரைவுச் சோதனைக் கீற்றிலேயே பார்க்க முடிவது, அது சிலரில் மைக்கிரோகிராம் அளவையே எட்டுவதால்தான்.

வெள்ளவத்தை_மாணவி:
மிக்க நன்றி. அப்படியானால் சான்ட்விச் எலைசாவுக்கு (புரதத்தை இரு பிறபொருளெதிரிகளுக்கிடையே பிடித்து நிறத்தால் அளக்கும் சோதனைக்கு) மாறலாமா? கிட்டை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்பதால், பிழைவிட இடமில்லை.

பொரளை_வாசகர்:
மாறத்தான் வேண்டும், அதிலும் கூர்மையுணர்வு மிக்க கிட்டாகப் பாருங்கள். ஒரே புரதத்தின் இரு வேறு இடங்களை இரு பிறபொருளெதிரிகள் பற்றினால்தான் நிறம் தோன்றும் என்பதால், அல்புமின் வெள்ளத்துக்குள்ளும் அது தாக்குப்பிடிக்கிறது. ஆனால் சிலரது குருதியில் உள்ள முடக்குவாதக் காரணியோ (ஐ.ஜி.ஜி.யைப் பற்றும் தன்பிறபொருளெதிரி) விலங்குப் பிறபொருளெதிரிகளைப் பற்றும் பிறபொருளெதிரிகளோ இரண்டையும் பாலம்போல இணைத்து, இல்லாத புரதத்தை இருப்பதாகக் காட்டிவிடும். ஆகவே ஐயத்துக்குரிய மாதிரியை இரண்டு, நான்கு, எட்டு மடங்கு ஐதாக்கிப் பாருங்கள்: ஐதாக்கிய மடங்கால் பெருக்கிக் கணித்த செறிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் அந்த எண்ணை நம்பாதீர்கள். அறிந்த அளவு தூய புரதத்தைப் பிளாஸ்மாவில் கலந்து, எவ்வளவு மீண்டு வருகிறது என்றும் அளந்து வையுங்கள்.

இன்னொன்று, ஈ.டி.ரி.ஏ. (குருதி உறைவதைத் தடுக்கும் பொருள்) இட்ட குழாயில் எடுத்த குருதியைக் கொழும்பு வெக்கையில் மேசைமேல் விட்டுவைக்காமல் விரைவாகச் சுழற்றிப் பிரித்து, சிறு பங்குகளாக மறை 80 பாகையில் உறையவிடுங்கள். நோயாளர் எல்லோருக்கும் ஒரே வகைக் குழாயே இருக்கட்டும். வேறோர் உறைவுதடுப்பியான ஹெப்பரின் இட்ட மாதிரிகளை இடையில் கலந்தால் ஒப்பிடவே முடியாது.