நாலு வயசுப் பிள்ளைக்கு நடன வகுப்பு தேவையா?

செல்லூர்_அம்மா: மகளுக்கு நாலு வயசு ஆகுது. மாடிப்படி இறங்குறப்ப ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் சேத்து வச்சுத்தான் இறங்குறா. பரதத்துல சேத்துவிட்டா கால் பழகும்னு அக்கா சொல்றாங்க. சேக்கலாமா?

வைகைக்கரை: வேண்டாங்க. அங்குட்டும் இங்குட்டும் ஓடியாடினா தானா வந்துரும். நாமெல்லாம் எந்த வகுப்புக்குப் போனோம்? சிமெண்டுத் தரையில பச்சப்பிள்ளைகளை மணிக்கணக்கா காலைத் தரையில தட்டுற தட்டடவு போட விடுறாங்க. மூட்டு என்னத்துக்காகும்?

சலங்கை_டீச்சர்: ஓடினா ஓட்டம் வரும். தாளம் நின்னதும் சட்டுனு நிக்கிறது, ஒத்தக்கால்ல நிக்கிறது, பின்பக்கமா அடிவைக்கிறது இதெல்லாம் ஆட்டத்துலதான் திரும்பத் திரும்ப வரும். கோலாட்டத்தையே பாருங்க. வலது கைக் கோலு உடம்புக்குக் குறுக்க போயி பக்கத்துப் பிள்ளை கோலைத் தட்டணும், அதே தட்டுல காலும் நகரணும். கண்ணு, காது, கை, கால் நாலும் ஒண்ணா வேலை செய்யுது.

வைகைக்கரை: கோலாட்டத்தை யாரு குறை சொன்னா? அவங்க கேட்டது பரதம். தட்டடவு போடுறப்ப முழங்காலை மடக்கி ரெண்டு பக்கமும் விரிச்சு நிக்கணுமே, அந்த அரைமண்டிக்குப் பதில் சொல்லுங்க.

பிசியோ_திருநகர்: அந்தப் பயம் நியாயம்தான். அரைமண்டியில கால் விரியறது இடுப்புல இருந்து வரணும். இடுப்பு திரும்பாத பிள்ளை பாதத்தை மட்டும் வெளிய தள்ளும், பாரம் முழுக்க முழங்கால்ல ஏறும். சின்னப் பிள்ளைகளை அதுல நிறுத்தி வைக்கவே கூடாது. அம்மா, கால் மாத்தி மாத்திப் படி இறங்குறது பொதுவா நாலு வயசை ஒட்டித்தான் வரும். கொஞ்சம் முன்னப்பின்ன ஆகலாம், பயப்படாதீங்க. ஆனா அடிக்கடி விழுந்தாலோ, ஒரு கால் மட்டும் பின்தங்கினாலோ முதல்ல குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க. வகுப்பெல்லாம் அப்புறம்.

சலங்கை_டீச்சர்: என் வகுப்புல சின்னதுகளுக்கு அரைமண்டியே கிடையாது. குதிப்போம், உருளுவோம், கும்மியடிப்போம்.

வைகைக்கரை: மூணு நாலு வயசுக்கு ஒரு நாளைக்கு 180 நிமிசம் உடம்பு அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் 2019-லயே சொல்லிருச்சு. வாரத்துக்கு ரெண்டு மணி நேர வகுப்பு அதுல எந்த மூலைக்கு? தெருவுல விடுங்க.

செல்லூர்_அம்மா: எங்க தெருவுல எங்கங்க விடுறது? வாசல்ல கால் வச்சா பைக்கும் ஆட்டோவும்தான்.

வைகைக்கரை: அப்ப முளைப்பாரிக்கு ஊருக்குக் கூட்டிப் போங்க. கும்மி வட்டத்துல விட்டா பெரியவங்களைப் பாத்தே அடியெடுத்து வைப்பா. பீஸும் கிடையாது.

சலங்கை_டீச்சர்: முளைப்பாரி வருசத்துக்கு ஒருக்கா. பிள்ளை காலுக்குத் தினமும் வேலை வேணும். வகுப்புல சேக்காட்டியும் பரவாயில்லம்மா, மொட்டை மாடியில கைப்பிடிச் சுவரு உசரமா இருந்தா சாயங்காலம் அவளோட நீங்களே கும்மியடிங்க.