கூரைப் பனியை இறக்க ஏறலாமா?

கேள்வி (ஜப்பானின் நீகாதா மாகாணம், நாகோகா): வாடகை வீட்டுக் கூரையில் இடுப்பளவு பனி. எழுபத்தைந்து வயது வீட்டுக்கார ஐயா நாளை தனியாக ஏறப்போகிறார். போன வருடம் ஏணி வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதம் படுத்திருந்தவர். நானே ஏறட்டுமா? ஊர் மதுரை, பனியில் பழக்கமில்லை.

பதில் 1 (அகிதா): ஏறவே ஏறாதீர்கள், அவரையும் விடாதீர்கள். 2005-06 குளிர்காலத்தில் ஜப்பானில் பனியால் இறந்த 152 பேரில் பெரும்பாலோர் பனி அகற்றும்போதுதான் இறந்தார்கள். அதிலும் முதியவர்களே அதிகம். வெயில் வந்த நாள் இன்னும் மோசம். அடிப்பனி இளகி, நிற்கும் ஆளோடு சேர்ந்து சரியும்.

பதில் 2: பனி இறக்க வேறு ஆள் கிடைக்காமல் நீங்களே ஏறினால் ஹெல்மெட், இடுப்புக் கச்சை, உயிர்க்கயிறு கட்டாயம். கயிற்றை வீட்டின் மறுபக்கம் உறுதியான இடத்தில் கட்டுங்கள். நீளம் கூரை விளிம்போடு நிற்க வேண்டும். ஏணியின் தலையையும் கட்டிவிடுங்கள், கீழே ஒருவர் இருக்கட்டும். ஆனால் அவர் கூரைக்கு நேர்கீழே நிற்கவே கூடாது.

கேள்வி கேட்டவர்: நன்றி. ஐயாவிடம் பேசினேன், முதலில் கோபப்பட்டார். அப்புறம் அவர் மனைவியே நகராட்சிக்குப் போன் செய்துவிட்டார். வியாழக்கிழமை ஆட்கள் வருகிறார்கள். அதுவரை ஏணி என் அறையில்.