7.5 சதவீதம்: யாருடைய இடம் யாருக்குப் போனது?

கொங்குத் தகப்பன்:
மகளுக்கு இந்த வருடம் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அவளைவிட நீட்டில் நூறு மார்க்குக்கு மேல் குறைந்த பிள்ளைக்கு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் கிடைத்திருக்கிறது. 69 சதவீத இடஒதுக்கீட்டை நான் குறை சொல்லவில்லை. நாங்களும் பி.சி.தான், அந்தப் பிள்ளையும் பி.சி.தான். எழுதியதும் ஒரே பரீட்சை. படித்த பள்ளியை வைத்து மட்டும் பிரிப்பது என்ன நியாயம்? நான் பணக்காரன் இல்லை. நான்கு தறி ஓடுகிறது, அவ்வளவுதான். வீட்டில் வளையலை அடகு வைத்துத்தான் கோச்சிங் பீஸ் கட்டினேன்.

விலங்கியல் டீச்சர்:
சார், இந்தச் சட்டம் 2020இல் வந்தது. அதற்கு முந்தைய வருடம் அரசுப் பள்ளியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் மக்கா? போன வருடம் எங்கள் பிளஸ் ஒன்னுக்குப் பாதி வருடம் இயற்பியல் ஆசிரியரே இல்லை. என் பீரியடில் நானே வெக்டர் நடத்தினேன், தட்டுத்தடுமாறி. ஒரு பெண் வீட்டில் இருப்பது ஒரே போன். அப்பா வேலை முடித்து அதை ஒன்பது மணிக்குக் கொண்டு வந்த பிறகுதான் பாடம் பார்ப்பாள். தூக்கம் வராமலிருக்க வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்காருவாள். உங்கள் மகளுக்கு வளையலை அடகு வைக்க ஓர் அப்பா இருந்தார். இவள் வீட்டில் அடகு வைக்கவும் எதுவும் இல்லை.

கொங்குத் தகப்பன்:
ஆசிரியர் போடாதது அரசின் தப்பு டீச்சர். அதற்கு என் மகள் ஏன் விலை கொடுக்க வேண்டும்? சட்டம் செல்லும் என்று 2022இல் தீர்ப்பு சொன்ன உயர் நீதிமன்றமே, அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்தவும் ஐந்து வருடத்துக்குள் இதை மறுபடி பார்க்கவும் சொன்னது. சீட்டை ஒதுக்கிவிட்டால் பள்ளியைச் சரிசெய்யும் அவசரம் யாருக்கு வரும்?

விலங்கியல் டீச்சர்:
எங்கள் ஊரில் வந்திருக்கிறது சார். இரண்டு பேர் மெடிக்கல் போன பிறகுதான், "இயற்பியலுக்கு எப்போது ஆள் வரும்?" என்று பெற்றோர் பள்ளிக்கு வந்து கேட்கிறார்கள். அதற்கு முன் ஒருவரும் கேட்டதில்லை.

எதிர்வாடை:
நான் படித்தது அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளி. எதிர்வாடையில் அரசுப் பள்ளி. இரண்டு பக்கமும் அதே சத்துணவு, அதே இலவசப் புத்தகம், அதே சைக்கிள். எங்கள் ஆசிரியர்களுக்கும் அரசுதான் சம்பளம் தருகிறது. ஆறாம் வகுப்பில் அம்மா என்னைத் தெருவின் இந்தப் பக்கம் சேர்த்தார், பெண்கள் பள்ளி என்பதால். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் எனக்கு 7.5 இல்லை. அம்மா கூலி வேலைக்குத்தான் போனார். ஏழ்மைதான் அளவு என்றால் நாங்கள் எப்படி விடுபட்டோம்?

மூன்றாம் ஆண்டு:
நான் 7.5இல் வந்தவன். முதல் வருடம் அனாடமி புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தாண்ட இரண்டு மணி நேரம் ஆகும், பக்கத்தில் அகராதி இருக்கும். ஆனால் பல்கலைக்கழகத் தேர்வில் எனக்கென்று தனிப் பாஸ் மார்க் கிடையாது. எல்லோருக்கும் உள்ளதைத்தான் எடுத்துத் தாண்டினேன். பீஸை அரசு கட்டுகிறது, இல்லையென்றால் வந்தே இருக்க மாட்டேன். ஐயா, உங்கள் மகள் இடத்தில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். அது இரவெல்லாம் மனதில் ஓடுகிறது.

கொங்குத் தகப்பன்:
தம்பி, உன்னைச் சொல்லவில்லை. நீ நன்றாகப் படி. நான் கேட்பது சட்டம் போட்டவர்களை. டீச்சர், எதிர்வாடை கேட்டதற்கு நீங்கள் பதிலே சொல்லவில்லையே?

விலங்கியல் டீச்சர்:
அந்தத் தங்கை கேட்பது நியாயம். சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் இதே 7.5க்குள் சேர்த்தால் நகரத்துப் பெரிய உதவிபெறும் பள்ளிகள் அள்ளிக்கொண்டு போய்விடும், என் பிள்ளைகள் பழையபடி வெளியே நிற்பார்கள். இதை ஆராய அரசு அமைத்த நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைத்தது 10 சதவீதம், அரசுதான் 7.5 ஆக்கியது. அந்தப் 10ஐக் கொடுத்துவிட்டு, மீதி இரண்டரையை உதவிபெறும் பள்ளிகளுக்கு ஒதுக்கட்டும்.

கொங்குத் தகப்பன்:
சரி டீச்சர். அந்த இரண்டரை எங்கிருந்து வரும்? மறுபடியும் என் மகள் நிற்கும் வரிசையிலிருந்துதானே?