ஃபீனைல்ஹைட்ரசின் கொடுத்த எலியில் ஹீமோகுளோபின் ஏறினால் இரத்தசோகைக்கு மருந்து என்று சொல்லலாமா?

கேள்வி:
கரிசலாங்கண்ணி இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, 70% எத்தனாலில் 72 மணி நேரம் ஊறவைத்து எடுத்த சாரம் இரத்தசோகைக்கும் அழற்சிக்கும் உதவுமா என்று பார்க்கிறேன். 100 கிராம் பொடிக்கு 10 கிராம் கிடைக்கிறது. விஸ்டார் வகை ஆய்வக எலிகளுக்கு ஃபீனைல்ஹைட்ரசின் (சிவப்பணுவைச் சிதைக்கும் வேதிப்பொருள்) கிலோவுக்கு 60 மி.கி. வீதம் இரண்டு நாள் ஊசி, பிறகு சாரம் 200, 400 மி.கி. வீதம் 14 நாள் வாய்வழி. கடைசி நாளில் ஹீமோகுளோபின் பார்ப்பதாகத் திட்டம். அழற்சிக்குத் தனியாகக் காராஜீனன் (கடற்பாசியில் எடுக்கும் பொருள்) ஊசியால் பாதத்தை வீங்கவைக்கும் பாதவீக்கச் சோதனை. எங்கே சறுக்கும்?

பதில் 1:
கடைசி நாள் மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இந்த மாதிரியில் எலி இரண்டு வாரத்துக்குள் ஏறக்குறைய தானாகவே தேறிவிடும். மருந்து பெறாத குழுவும் உங்கள் குழுவும் 14ஆம் நாளில் ஒரே எண்ணில் வந்து நிற்கும். 0, 3, 7, 10ஆம் நாட்களில் பாருங்கள், கூடவே ரெட்டிகுலோசைட் (புதிதாக வந்த இளம் சிவப்பணு) எண்ணிக்கையும். ஆனால் 200 கிராம் எலிக்கு மொத்த இரத்தமே 13 மி.லி. அளவுதான். ஒவ்வொரு முறையும் அரை மி.லி. உறிஞ்சினால் சோகையை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

இன்னொன்று, ஹீமோகுளோபினை நிறத்தால் அளக்கும் டிராப்கின் முறையில் 20 மைக்ரோலிட்டர் இரத்தத்தை 5 மி.லி. கரைசலில் கலந்து 540 நானோமீட்டரில் படிக்கும்போது, ஹைன்ஸ் துகள்கள் (சிதைந்த ஹீமோகுளோபின் கட்டிகள்) கலங்கலாக மிதந்து அளவைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். சுழற்றித் தெளியவைத்துவிட்டுப் படியுங்கள்.

பெரிய சிக்கல் வேறு. இது சிவப்பணு சிதைவதால் வரும் சோகை, இரும்பு உடம்புக்குள்ளேயேதான் இருக்கிறது. இதில் வென்றால் இரும்புச்சத்துக் குறைபாட்டுக்கு மருந்து என்று எழுத முடியாது. அதற்குப் பால்மறந்த குட்டிகளுக்கு இரும்பு குறைந்த தீவனமும் காய்ச்சி வடித்த நீரும் கொடுத்துச் சில வாரம் வளர்க்க வேண்டும். துருப்பிடித்த கூண்டுக் கம்பியை நக்கினாலே சோதனை கெட்டுவிடும்.

பதில் 2:
பாதவீக்கத்துக்கு: காராஜீனன் 1%, உப்புநீரில் மெதுவாகத் தூவிக் கலக்கி ஒரு இரவு விடுங்கள். அவசரப்பட்டால் கட்டி தட்டி ஊசி அடைக்கும், ஒவ்வொரு பாதத்துக்கும் ஒவ்வொரு அளவு போகும். 0.1 மி.லி. பின்பாத அடியில். கணுக்காலில் மார்க்கரால் கோடு போட்டு, அதுவரை மட்டும் அளவுமானியில் அமிழ்த்துங்கள். கோடு இல்லாமல் அளந்த எண்ணை நம்பவே வேண்டாம். 0, 1, 3, 5 மணி. வீக்கத்தைத் தூண்டும் உடல் வேதிப்பொருள்களில், முதல் மணி நேரத்து வீக்கம் ஹிஸ்டமின், செரட்டோனின் சார்ந்தது, மூன்றாம் மணி புரோஸ்டாகிளாண்டின் சார்ந்தது. எதில் குறைகிறது என்பதுதான் செய்தி. ஒப்பீட்டுக்கு, தெரிந்த அழற்சி மருந்தான இண்டோமெத்தசின் 10 மி.கி./கிலோ. சாரத்தை ஒரு மணி முன்பு வாய்வழியே கொடுங்கள். வயிற்றறைக்குள் ஊசியாகப் போட்டால் அந்த எரிச்சலே பாதவீக்கத்தைக் குறைத்து ஏமாற்றும். அளப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது.

பதில் 3:
அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? எலியின் 400 மி.கி./கிலோவை 6.2ஆல் (எலி அளவை மனித அளவாக மாற்றும் எண்) வகுத்தால் மனிதருக்கு 65 மி.கி./கிலோ. 60 கிலோ ஆளுக்குத் தினம் 3.9 கிராம் சாரம், உங்கள் விளைச்சலில் 39 கிராம் உலர்ந்த இலை! 50, 100 மி.கி.யும் சேருங்கள்.

சாரத்திலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாது. அதனால் அழற்சியில் ஜெயிக்கும் சாரமே இரும்புக்குறைச் சோகையைக் கூட்டலாம். நேர்மாறாகவும் நடக்கும்: அழற்சி தணிந்தால், இரும்பை அடைத்து வைக்கும் ஹார்மோனான ஹெப்சிடின் இறங்கி, அடைந்து கிடந்த இரும்பு வெளியே வரும். இரண்டையும் பிரித்தறிய சீரம் இரும்பும் ஃபெர்ரிட்டினும் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) வேண்டும். அழற்சியில் ஃபெர்ரிட்டின் தானாகவே ஏறும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் ஃபீனைல்ஹைட்ரசினை விட்டுவிடவா?

பதில் 1:
வைத்துக்கொள்ளுங்கள், தலைப்பை மாற்றுங்கள்: 'ஆக்சிஜனேற்றச் சிதைவால் வரும் சோகையில்'. நச்சுச்சோதனையை முதலில் முடியுங்கள்.