சென்னை ஈரக்காத்துல கிடாரை சுவர்ல மாட்டலாமா, கேஸ்லயே வைக்கணுமா?

ஆறுகம்பி (திருவான்மியூர்)

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்கு கல்யாணமாகி போனதுல வீட்ல ஒரு ரூம் காலியாச்சு, பத்துக்குப் பத்து இருக்கும், அதை மியூசிக் ரூமா வச்சுக்கோடான்னு அம்மாவே சொல்லிட்டாங்க. கையில நாலு கிடார். காலேஜ்ல வாங்குன யமஹா எஃப் 310, போன வருஷம் ஆசைப்பட்டு வாங்குன எஃப்ஜி 800, ஒரு ஸ்குவையர் ஸ்ட்ராட் எலக்ட்ரிக், அப்புறம் அப்பா வாசிச்ச பழைய அகூஸ்டிக். நாலையும் சுவர்ல வரிசையா மாட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. கண்ணு முன்னாடி இருந்தாதான் கை தானா போகும், கேஸுக்குள்ள போயிட்டா மாசக்கணக்குல வெளிய வராது.

ஆனா பயமா இருக்கு, அப்பா கிடாருக்கு நடந்தத பார்த்ததுல இருந்து. வீட்டுக்கு பெயிண்ட் அடிச்சப்ப அதை பரண்ல தூக்கி வச்சோம், எங்களுக்கு மேல மொட்டை மாடிதான், ஒரு கத்திரி வெயில் முழுக்க அங்கயே கிடந்துச்சு, கம்பிய லூஸ் பண்ணவும் இல்ல. இறக்கிப் பார்த்தா கம்பிய பிடிச்சு நிக்கிற பிரிட்ஜ் கட்டை பின்பக்கம் தூக்கிட்டு நிக்குது, விசிட்டிங் கார்டை அடியில விட்டா பாதி உள்ள போகுது. அப்பா இப்ப இல்ல. அந்த கிடார் திரும்பவும் வாசிக்கிற மாதிரி ஆகணும், அதோட மத்த மூணுக்கும் அந்த கதி வரக்கூடாது.

ரூம்ல மேற்கு பார்த்த வெளிச்சுவர் ஒண்ணு இருக்கு, மழைக்கு ஓதம் அடிக்கும். ஹால் பக்கம் உள்சுவர். ஏசி இருக்கு, வாசிக்கும்போது மட்டும் போடுவேன். ரெண்டு வயசு பொண்ணு வீடு பூரா ஓடிட்டு இருக்கா. இந்த மழையில எஃப்ஜி 800 ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல கம்பி நிக்கிற உயரம்) வேற ஏறிடுச்சு, 12வது ஃப்ரெட்ல 2.5 மில்லிமீட்டர் இருந்தது இப்ப 3.5 கிட்ட இருக்கு, நெக் வளைவை சரி பண்ண உள்ள இருக்குற இரும்புத் தண்டு, அந்த டிரஸ் ராட திருப்பலாமான்னு யோசிக்கிறேன். என்ன பண்ணலாம் சொல்லுங்க.

மெரினா_பிக்

ப்ரோ இவ்வளவு யோசிக்க வேண்டாம். என் எஃப் 310 பன்னெண்டு வருஷமா சுவர்ல ஒரு ஆணியில தொங்குது, ஏசி கிடையாது, ஒண்ணும் ஆகல. கம்பி மட்டும் மூணு மாசத்துல துரு பிடிச்சிடும், மாத்திடுவேன். மாட்டிட்டு வாசிங்க.

தோதகத்தி

தம்பி, நான் இருவது வருஷத்துக்கு மேல கிடார், வீணை ரிப்பேர் பண்றவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

முதல்ல டிரஸ் ராட்ல கை வைக்காதீங்க. உங்க நெக்ல கோளாறு இல்ல, டாப், அதாவது முன்பலகை, ஊதியிருக்கு. பலகை ஈரத்தை குடிச்சா ரேகைக்கு குறுக்கால விரியும், ஆனா சுத்தி நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டியிருக்கு, விரிய இடம் இல்ல, அப்ப மேல்நோக்கி வயிறு மாதிரி எழும்பும். பிரிட்ஜும் கூட எழும்பும், கம்பியும் எழும்பும். ஸ்டீல் ஸ்கேலை பிரிட்ஜுக்கு பின்னாடி குறுக்கால வச்சுப் பாருங்க, ரெண்டு ஓரத்துலயும் இடைவெளி தெரியும். மழைக்காலத்துல பீரோ கதவு பிடிக்கிறது, அப்பளம் நமத்துப் போறது எல்லாம் எந்த காத்தாலயோ அதே காத்துதான். ஈரத்தை இறக்குனா டாப் தானா பெரும்பாலும் இறங்கிடும். இப்ப ராடை திருப்பிட்டா ஜனவரியில கம்பி ஃப்ரெட்ல இடிச்சு பஸ் சத்தம் வருதுன்னு திரும்ப வருவீங்க.

மெரினா தம்பி சொன்னதும் பொய் இல்ல. எஃப் 310 டாப் பிளைவுட், மெல்லிசு தகடுகளை ரேகை மாத்தி மாத்தி ஒட்டுனது, அது எளிதுல அசையாது. எஃப்ஜி 800 டாப் ஒரே பலகையா இழைச்ச ஸ்ப்ரூஸ். சத்தம் நல்லா இருக்கிறதும் அதனாலதான், காத்துக்கு பயப்படுறதும் அதனாலதான். ரெண்டையும் ஒரே மாதிரி பார்க்காதீங்க.

இன்னொண்ணு நிறைய பேர் என்கிட்ட சொல்றது, ஃப்ரெட்போர்டு ரோஸ்வுட், நம்ம நீலகிரி, வயநாடு பக்கத்து ஈட்டி மரம்தானே, நம்ம ஊர் காத்து தாங்கும்னு. மரம் எங்க வளர்ந்தா என்ன தம்பி, காயவச்சு எந்த ஈரத்துல ஒட்டுனாங்களோ அதுதான் அதுக்கு ஊர். கிடார் கம்பெனிங்க 45ல இருந்து 55 சதவீதம் ஈரப்பதம்னு சொல்றாங்க. நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகையில ஜன்னல திறந்து வச்சா 80ஐ தாண்டும்.

அதனால சுவரா கேஸாங்கிற கேள்விய கொஞ்சம் தள்ளி வைங்க. 500 ரூபாய்க்குள்ள ஈரப்பதம் அளக்குற ஒரு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் வாங்குங்க, வாங்குன உடனே அதை நம்பாதீங்க. ஒரு பாட்டில் மூடியில தூள் உப்பு போட்டு, சில சொட்டு தண்ணி விட்டு, ஈர மணல் மாதிரி ஆக்கி, மீட்டரோட சேர்த்து ஒரு ஜிப் கவர்ல காத்து போகாம மூடி ராத்திரி முழுக்க விட்டுடுங்க. காலைல சரியா 75 காட்டணும். 79 காட்டுச்சுன்னா உங்க மீட்டர் 4 கூட சொல்லுது, அந்த 4ஐ கழிச்சுக்கங்க. அப்புறம் ரூம்ல, கேஸ் உள்ள, ஓதம் அடிக்கிற சுவர் பக்கத்துல, ஒவ்வொரு இடத்துலயும் ஒரு நாள் வச்சு எழுதி வைங்க.

கேஸுக்குள்ள போட்டுட்டா பத்திரம்னு நினைக்கிறதுதான் நான் அதிகமா பார்க்குற தப்பு. கேஸ் ஒண்ணும் ஊறுகாய் ஜாடி இல்ல, வெளியில இருக்குற ஈரம் சில நாள்ல உள்ளயும் வந்துடும், வந்தது சீக்கிரம் வெளிய போகாது. மழை முடிஞ்சு என்கிட்ட வர்ற கேஸ்கள்ல வெல்வெட்டை கையால தடவுனா ஜில்லுன்னு இருக்கும், ஸ்ட்ராப் தோல் மேல வெள்ளையா பூஞ்சை பூத்திருக்கும், ஃப்ரெட் எல்லாம் பச்சையா களிம்பு. கேஸ்ல வச்சா சிலிக்கா ஜெல் போடுங்க. நீலக்கலர் வேண்டாம், அதுல கோபால்ட் இருக்கு, குழந்தை இருக்குற வீடு, ஆரஞ்சுக் கலர் வாங்குங்க, அதையும் கை எட்டாம வைங்க. ஈரம் குடிச்சா பச்சையாகும், ஓவன்ல 110 டிகிரி கிட்ட சூடு பண்ணி திரும்ப பழைய கலருக்கு கொண்டு வரணும், சென்னை வெயில்ல காயவச்சா போதாது. அந்துருண்டை போடாதீங்க, அந்த வாசனை மரத்துக்குள்ள போயிட்டா வருஷக்கணக்குல போகாது.

அப்பா கிடாரை பத்தி. 12-53 தடிமன் கம்பி செட்டு சுருதியில நின்னா 70 கிலோவுக்கு மேல இழுக்கும். மரம் ஒட்டுற பசை 60, 65 டிகிரிய நெருங்குனா இளகிடும், பரண் அவ்வளவு சூடாகலன்னாலும் மாசக்கணக்குல அந்த இழுவை இருந்தா மெல்ல மெல்ல நழுவும். இப்பவே கம்பிய கழட்டிடுங்க. ஃபெவிகால உள்ள விட்டு அமுக்கிடாதீங்க, கை கும்பிட்டு கேக்குறேன், அப்படி வர்றத பிரிக்கிறதுதான் எனக்கு பெரிய வேலை. பிரிட்ஜை சூடு காட்டி முழுசா எடுத்து, பழைய பசைய சுரண்டி, திரும்ப ஒட்டணும். செய்யக்கூடிய வேலைதான், கவலைப்படாதீங்க.

கோட்டூர்புரம்_சுதா

தோதகத்தி அண்ணா சொன்னத அப்படியே ஒத்துக்கிறேன், ஆனா கேஸ், சுவர் விஷயத்துல என் அனுபவத்தையும் சொல்றேன். 2015 டிசம்பர் வெள்ளத்துல எங்க தரைத்தளத்துல இடுப்பளவு தண்ணி. கேஸ்ல போட்டு கட்டிலுக்கு அடியில பத்திரமா வச்ச கிடார் மிதந்துச்சு, நாலு நாள் கழிச்சு திறந்தப்ப பின்பலகை தனியா கையோட வந்துச்சு. சுவர்ல தொங்குன என் எலக்ட்ரிக்ல துரு தவிர ஒண்ணும் இல்ல. அதுல இருந்து எங்க வீட்ல எந்த வாத்தியமும் தரையில கிடையாது.

பாட்டியோட தஞ்சாவூர் வீணையும் இருக்கு. 24 மெட்டையும் மெழுகுலதான் பதிச்சிருப்பாங்க, சூடு பட்டா மெழுகு இளகி மெட்டு நகர்ந்துடும். பாட்டி அதை ஜன்னல் பக்கம் வைக்கவே விட மாட்டாங்க, பழைய பட்டுப்புடவையில சுத்தி உள் ரூம்லதான் இருக்கும். நான் கிடாருக்கு இடம் தேடுனப்ப அந்த மூலைதான் வீட்லயே மீட்டர்ல ரொம்ப ஆடாம நின்ன இடம். வெயிலும் வராது, வெளிச்சுவரும் இல்ல.

தரையில வைக்கிற ஸ்டாண்டு உங்க வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். குழந்தை ஒரு தடவை கம்பிய பிடிச்சு இழுத்தா போதும், கிடார் அவ மேலயே சாயும். வீடு துடைக்கிற மாப் வேற தினமும் அடிப்பக்கம் படும்.

செங்கல்_சிவா

சுவர் வேலை பத்தி மட்டும் நான் சொல்றேன், கட்டடத் துறையில இருக்கேன்.

மேற்கு வெளிச்சுவரை மறந்துடுங்க, வெயில்ல சூடு மழையில ஓதம். ஹால் பக்க உள்சுவர்தான் சரி. ஆனா ட்ரில் போடுறதுக்கு முன்னாடி அது என்ன சுவர்னு தெரியணும். முதல் ஓட்டைய சின்னதா போட்டு தூளைப் பாருங்க. சிவப்பா வந்தா செங்கல், 8 மில்லிமீட்டர் பிட்டு, நல்ல நைலான் பிளக், ரெண்டு இன்ச்சுக்கு குறையாத ஸ்க்ரூ, முடிஞ்சது. பூசுன சிமெண்ட்டுக்கு பின்னாடி வெள்ளையா மாவு மாதிரி கொட்டுதுன்னா அது ஏஏசி பிளாக், லேசான சிமெண்ட் கல்லு, புது அபார்ட்மெண்ட்ல நிறைய அதுதான். அதுல ஹேமர் மோடு போட்டா ஓட்டை பெருசாகி பிளக் சுத்தும், சும்மா சுத்துற மோடுல போடுங்க, அந்த பிளாக்குக்குன்னே நீளமான பிளக் தனியா விக்குது, அதை வாங்குங்க. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் போடாதீங்க, உள்ள ஒயர் பைப் ஓடும்.

அகூஸ்டிக் ரெண்டு கிலோ, ஸ்ட்ராட் மூணரை கிலோ, எடை பெருசு இல்ல. ஆனா ஹேங்கர் சுவர்ல இருந்து வெளிய நீட்டிட்டு இருக்கும், அதனால மேல் ஸ்க்ரூவ வெளிய இழுக்குற மாதிரி பாரம் வரும். கிடாரை மாட்டுறதுக்கு முன்னாடி 10 லிட்டர் தண்ணி கேனை ஒரு நாள் முழுக்க தொங்கவிட்டுப் பாருங்க. அப்புறம் ஃபேன். சீலிங் ஃபேன் ஓடும்போது கிடாரை ஹேங்கர்ல இருந்து மேல தூக்கி எடுப்பீங்க, கிடார் தலை (ஹெட்ஸ்டாக்) இறக்கையில அடிக்காத தூரத்துல இடம் குறிங்க. ஏசி காத்து நேரா மேல அடிக்கிற இடமும் வேண்டாம்.

ஹேங்கர் ரப்பர் பத்தி ஒண்ணு. உங்க நாலுக்கும் பெரும்பாலும் பிரச்சனை வராது, ஆனா நைட்ரோ லாக்கர்ங்கிற பாலிஷ் அடிச்ச கிடார், உதாரணத்துக்கு கிப்சன் மாதிரி, வாங்குனா சில ரப்பரும் ஃபோமும் ஃபினிஷை இளக்கி தழும்பு போட்டுடும். பருத்தித் துணி சுத்திட்டு மாட்டுங்க.

ஸ்காபரோ_கண்ணன்

நான் இஞ்ச ரொறன்ரோவில இருக்கிறன், எங்களுக்கு இது தலைகீழ். சென்னைக்கு வந்தநேரம் ஆசையாய் ஒரு சொலிட் டொப் கிட்டார் வாங்கிக்கொண்டு வந்தனான். ஜனவரி மாசம், வெளியில மைனஸ் 20, வீட்டுக்குள்ள ஹீட்டிங். வந்த உடனை கேஸைத் திறந்து பாத்தன், அதுவே பிழை, குளிர்ந்து கிடந்த கிட்டாரை அப்பிடியே ஒரு அரை நாளாவது மூடி வைச்சிருக்க வேணும். ரெண்டு கிழமையில ஃப்ரெட் ஓரம் எல்லாம் கையைக் கீறத் தொடங்கிச்சு, மரம் சுருங்க உலோகம் வெளியில நீட்டிக்கொண்டு நிண்டது. பிறகு பிரிட்ஜுக்குக் கீழ ஒரு நீட்டு வெடிப்பு. மீற்றரைப் பாத்தா ஈரப்பதம் 22.

இப்ப எனக்கு கேஸுக்குள்ள ஈரத்தை அளவா வைச்சிருக்கிற 49 சதவீத ஹியூமிடிபாக் பை, ரூமுக்குள்ள தண்ணி ஊத்துற மெஷின். சுவரில தொங்கிறது எலக்ட்ரிக் மட்டும்தான். பிள்ளையள் ஆரும் வெளிநாட்டுக்குக் கிட்டார் கொண்டு போறதெண்டால் இதைச் சொல்லி விடுங்கோ.

ஆறுகம்பி (திருவான்மியூர்)

பத்து நாள் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உப்பு டெஸ்ட்ல மீட்டர் 78 காட்டுச்சு, மூணு கழிச்சுதான் எல்லாம் எழுதுறேன். மேற்கு சுவர் ஓரம் 84. உள்சுவர் 76. ஏசி ஓடும்போது 54 வரைக்கும் இறங்குது, நிறுத்தி ரெண்டு மணி நேரத்துல திரும்ப 70. இந்த ஏத்த இறக்கத்தை தினமும் கிடாருக்கு குடுத்துட்டு இருந்திருக்கேன். எஃப்ஜி 800 கேஸுக்குள்ள 77, அண்ணா சொன்ன மாதிரியே கைக்கு ஜில்லுன்னு இருந்துச்சு.

எஃப் 310, ஸ்ட்ராட் ரெண்டும் ஹால் பக்க சுவர்ல ஏறிடுச்சு. தூள் சிவப்பா வந்துச்சு, தண்ணி கேன் ஒரு நாள் தொங்குனப்ப அசையல, பொண்ணுக்கு எட்டாது. எஃப்ஜி 800 இப்போதைக்கு கேஸ்ல சிலிக்கா ஜெல்லோட, உள்ள 58க்கு வந்துடுச்சு, ஆக்‌ஷன் 3 மில்லிமீட்டர் வரைக்கும் இறங்கியிருக்கு, ராட தொடல. தோதகத்தி அண்ணா, ரூமுக்கு ஈரத்தை இழுக்குற மெஷின், ஒரு டீஹியூமிடிஃபையர் வாங்கலாம்னு இருக்கேன், 55ல செட் பண்ணி கதவை மூடி வச்சா எஃப்ஜிய வெளிய மாட்டலாமா?

அப்பா கிடார் கம்பிய கழட்டியாச்சு. கழட்டும்போது சவுண்ட் ஹோலுக்குள்ள செல்போன் லைட் அடிச்சுப் பார்த்தேன், பின்பலகையோட உள்பக்கம் பென்சில்ல அப்பா பேரும் 1986ன்னும் எழுதியிருக்கு, இத்தனை வருஷத்துல நான் பார்த்ததே இல்ல. பிரிட்ஜ் ஒட்ட சூடு காட்டும்போது அந்த எழுத்துக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?

தோதகத்தி

ஆகாது தம்பி. சூடு பிரிட்ஜுக்கு மேல இருந்து மட்டும்தான், பின்பலகை வரைக்கும் போகாது. வேலை பண்றவர்கிட்ட உள்ள ஈரத்துணியால துடைக்க வேண்டாம்னு மட்டும் சொல்லி வைங்க. டீஹியூமிடிஃபையர் தினம் 10 லிட்டர் இழுக்குற சைஸ் அந்த ரூமுக்கு போதும், ரெண்டு வாரம் மீட்டர் 50க்கும் 58க்கும் நடுவுல நின்னா எஃப்ஜிய மாட்டிக்கங்க. கரெண்ட் ரொம்ப நேரம் போற புயல் நாள்ல மட்டும் திரும்ப கேஸ்ல போட்டுடுங்க.