பழைய காருக்கு சீட், ரூஃப், கார்பெட் எல்லாம் வீட்டிலேயே மாற்றியவர்கள் இருக்கிறீர்களா? கோலாலம்பூர் (கேஎல்) செந்தூலில் நான் பட்ட பாடு இது

அப்பாவின் டட்சன் 120ஒய், 1977 மாடல். பக்கத்துச் செகாம்புட்டில் டட்சன் கார் பூட்டும் டான் சோங் ஆலை 1976-ல் வந்தது, அதற்கு அடுத்த வருடம் வாங்கினார். அவர் வாயில் கார் என்ற சொல்லே வராது, காடிதான். எஞ்சின் இன்னும் நன்றாக ஓடுகிறது, உள்ளேதான் உட்கார முடியவில்லை. குஷன் கடையில் கேட்ட விலை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது, அதுகூடப் பரவாயில்லை, "பழைய கறுப்பு எதுக்கு பாஸ், சிவப்புல டைமண்ட் தையல் போட்டுடலாம்" என்றார் பாருங்கள், அப்போதே முடிவு செய்துவிட்டேன், நானே செய்வது என்று.

முன் சீட்டைக் கழற்றினால் உள்ளே மூன்று உறை. ரொம்ப வருடத்துக்கு முன் ஏதோ ஒரு கடையில் பழைய உறையைக் கழற்றச் சோம்பல்பட்டு அதன் மேலேயே புதிதைப் போட்டிருக்கிறார்கள், அதற்கு மேல் இன்னொன்று. அடியில் கம்பெனி போட்ட கறுப்பு வினைல் இருந்தது. அதில் தெரியும் கோடுகளைத் தையல் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன், தொட்டுப் பார்த்தால் நூலே இல்லை, சூட்டில் அழுத்திய கோடு. அதை வீட்டில் அப்படியே கொண்டுவர வழியில்லை, நான் தைத்துத்தான் கோடு போட்டேன். ஸ்பிரிங்குக்கு இடையில் பத்து காசு, ஹேர்பின், பஸ் டிக்கெட் எல்லாம் கிடைத்தன. அம்மா தேடச் சொன்ன ஒற்றைத் தோடு மட்டும் கிடைக்கவில்லை.

உறையை ஃபிரேமோடு பிடித்திருக்கும் ஹாக் ரிங் வளையங்களைக் கட்டரால் வெட்டினேன். தையலைப் பிரிப்பதற்கு முன், இரண்டு துண்டும் சேரும் இடத்தில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வெள்ளைப் பென்சிலால் குறுக்கே போட்டு, துண்டுக்குத் துண்டு எண் எழுதிவிடுங்கள். புது வினைலிலும் அதே கோடுகளைப் போட்டுக்கொண்டு, கோடும் கோடும் சேர்கிற மாதிரி தைத்துப் போனால் போதும், அளவு தப்பாது. அப்புறம், ஒரே நேரத்தில் இரண்டு சீட்டையும் பிரிக்காதீர்கள். ஒன்று முழுசாகக் கண் முன்னால் இருக்க வேண்டும்.

மெஷின் அம்மாவின் கறுப்பு சிங்கர், கையால் சுற்றுவது. வினைல் அதன் கால் தகட்டில் ஒட்டிக்கொண்டு நகரவே நகராது. தகட்டின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டினேன், வழுக்கிக்கொண்டு போனது. ஊசி 18-ஆம் நம்பர், நூல் பாலியஸ்டர், பருத்தி நூல் நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் இற்றுப்போகும். நான் செய்த பெரிய தப்பு, நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று நினைத்து இரண்டு மில்லிமீட்டரில் தைத்தது. முதல் தடவை உறையை இழுத்து மாட்டும்போதே ஓரம் அஞ்சல் தலை கிழிவது மாதிரி நேர்க்கோட்டில் பிரிந்தது. வினைலில் ஊசி போட்ட ஓட்டை மூடவே மூடாது, குண்டூசியும் குத்தக்கூடாது, துணிக் கிளிப்தான். அந்தத் துண்டை மறுபடி வெட்டி நான்கு மில்லிமீட்டரில் தைத்தேன். உறையை மதியம் ஒரு மணி வெயிலில் அரை மணி நேரம் போட்டுவிட்டு, ஸ்பாஞ்சுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி இழுத்தால் வெண்ணெய் மாதிரி இறங்கும்.

கதவின் உள்பக்கத்தை மூடும் அட்டையில்தான் மழை என்னைப் பிடித்தது. கேஎல்லில் சாயங்காலம் நான்கு மணி மழை தெரிந்த கதைதானே, அந்த நேரம் பார்த்துத் திறந்த கார் போர்ச்சில் பசை தடவினேன். காயும்போது பசையின் மேல் வெள்ளையாகப் பால் படிந்த மாதிரி ஆனது, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் இறங்கிவிடுகிறது. கண்டுகொள்ளாமல் ஒட்டினேன். மூன்றே நாளில் வினைல் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. சுரண்டி எடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு மறுபடி ஒட்டினேன், இன்றுவரை அசையவில்லை.

இன்னொன்று, கதவுக்குள் மழைத் தண்ணீர் எப்போதும் இறங்கி அடியிலுள்ள ஓட்டை வழியாக வெளியே போகும், அதன் அமைப்பே அப்படித்தான். அட்டை நனையாமலிருக்கப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் இருக்க வேண்டும், யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள், அட்டை உப்பி இத்துப்போனதற்கு அதுதான் காரணம். புது ஷீட் வெட்டி ஒட்டிய பிறகுதான் புது அட்டை மாட்டினேன்.

இவ்வளவு தெரிந்தவன் கார்பெட்டில் ஏமாந்தேன். ஃபெல்ட், கார்பெட் எல்லாம் புதுசாகப் போட்டு இரண்டு வாரத்தில் ஊறிய சாக்கு வாடை. மனைவியை டார்ச் லைட்டோடு பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டு வெளியே ஹோஸில் தண்ணீர் அடித்தேன். முன்பக்கத்தையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், "இங்க வருது, என் தலைக்குப் பின்னால" என்றாள். பின் கண்ணாடி ரப்பரின் மூலையில் நுழைந்து, பின் சீட்டுக்கு அடியில் ஓடி, முன் தளத்தில் வந்து தேங்கியிருக்கிறது. ரப்பரை எடுத்தால் அதற்கடியில் இருபது காசு அளவுக்குத் துரு ஓட்டை. ஜாலான் ஈப்போ பக்கம் ஒருவர் வெல்டிங் வைத்துக் கொடுத்தார்.

கண்ணாடி எப்படியும் வெளியே இருந்ததால் ரூஃப் லைனிங்கையும் மாற்றினேன், அதன் ஓரம் அந்த ரப்பருக்கு அடியில்தான் போகிறது. அப்போதுதான் உறைத்தது, நான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்திருக்கிறேன்! முதலில் தண்ணீர் அடித்துப் பார்த்து, கண்ணாடி, துரு, ரூஃப் முடித்து, பிறகு கதவு, சீட், கடைசியில் கார்பெட் என்று போயிருந்தால் பாதி வேலை மிச்சம். லைனிங்கைத் தாங்கும் கம்பிகளில் எண் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் வளைவு வேறு. கண்ணாடியைத் திரும்ப மாட்ட, ரப்பரின் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, மச்சான் வெளியிலிருந்து அழுத்த நான் உள்ளேயிருந்து கயிற்றை இழுத்தேன். பின் சீட்டுக்கு மேலே ஒரு சுருக்கம் இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கிற சீட்டில் நான் உட்காருவதில்லை.

*

அண்ணே, பினாங்கிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் பென்ஸ் டபிள்யூ 123. உங்களுடையது ஸ்பாஞ்சு, இதில் முன் சீட்டின் முதுகுப் பக்கம் ரப்பர் பால் விட்டு இறுக்கிய நார் மெத்தை. நாற்பது வருடத்தில் அது பொடியாகி, ஒவ்வொரு வாரமும் சீட்டுக்கு அடியில் மரத்தூள் மாதிரி கொட்டும், கறையான் என்று நினைத்து மருந்து அடித்தேன், சிரிக்காதீர்கள். உறை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் மறுபடி தொய்ந்துவிடும், மெத்தையை முதலில் பாருங்கள். எங்கள் ஊரில் கடல் காற்று வேறு, ஸ்பிரிங் துருவேறி உறையை அடியிலிருந்தே அறுத்தது, கம்பிக்கு பெயின்ட் அடித்து மேலே சாக்குத் துணி போட்டேன். கதவு கைப்பிடி ஒன்று லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் கிடைத்தது. சீட் பெல்ட் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது, குளோரோக்ஸ் பிளீச்சில் ஊறவைக்கலாமா?

*

வேண்டாம் தம்பி. பிளீச் பெல்ட்டின் இழையையே பலவீனமாக்கும், பார்க்கத் தெரியாது, இடிக்கும்போதுதான் தெரியும். சாயமும் போடாதே, நீயே தைக்கவும் தைக்காதே. முழுசாக வெளியே இழுத்துக் கிளிப் போட்டுவிட்டு, லேசான சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் காயவிடு, நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே விடு. ஓரம் பிய்ந்திருந்தால் புதுசு வாங்கு, அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. மெஷின் வேண்டுமென்றால் கேஎல் வரும்போது சொல், ஊசி மட்டும் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வா, நான் எட்டு உடைத்திருக்கிறேன்.