கிரீன் கார்டு மசோதா எந்த நிலையில் இருக்கிறது என்று நாமே பார்ப்பது எப்படி?

மேப்பிள்மரம்:
அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்காரர்களுக்கும் வருடத்துக்கு 7%-க்கு மேல் கிடையாது என்ற உச்சவரம்பை எடுக்கப்போகிற மசோதா பாஸ் ஆகிவிட்டது என்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அடிக்கடி யாராவது போட்டுவிடுகிறார்கள். யூடியூப்காரர்களைக் கேட்கவே வேண்டாம். வக்கீலிடம் கேட்டால் அதற்கும் பில் போடுவார். நேராகப் பார்க்க வழி உண்டா?

டல்லாஸ்வாசி:
காங்கிரஸ் என்பது அமெரிக்க நாடாளுமன்றம். அதன் காங்கிரஸ்.கவ் (congress.gov) தளத்தில் மசோதா எண்ணைத் தட்டுங்கள், காசு கிடையாது. எத்தனையாவது காங்கிரஸ் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புது காங்கிரஸ் வரும், எண்கள் திரும்ப 1-லிருந்து தொடங்கும். எச்.ஆர். என்றால் பிரதிநிதிகள் சபை, எஸ். என்றால் செனட். 'இன்ட்ரொடியூஸ்ட்' என்று மட்டும் இருந்தால் யாரோ ஒரு உறுப்பினர் தாக்கல் செய்திருக்கிறார், அவ்வளவுதான். முக்கால்வாசி கமிட்டியிலேயே தூங்கிவிடும்.

பாஸ் என்ற பேச்சுக்கு 2019 கதையைப் பாருங்கள். இதே உச்சவரம்பை எடுக்க வந்த எச்.ஆர். 1044 ஜூலையில் 365-65 என்று சபையில் பாஸ் ஆனது. அதே நோக்கத்தோடு வந்த எஸ். 386-ஐ செனட் 2020 டிசம்பர் 2 அன்று எதிர்ப்பில்லாமல் நிறைவேற்றியது. ஆனால் செனட் திருத்தங்கள் போட்டதால் இரண்டும் ஒரே வாசகம் இல்லை, ஒரே வாசகம் இரு அவையிலும் நிறைவேறாமல் அதிபர் மேசைக்குப் போகாது. அடுத்த மாதம் அந்த காங்கிரஸே முடிந்து இரண்டும் காலாவதி. குரூப்பில் வந்த சேதி இரண்டு தடவையும் உண்மைதான், சட்டம்தான் வரவில்லை!

நியூஜெர்சி அக்கா:
தம்பி சொன்னதோடு ஒன்று. மசோதாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிதான் தெரியும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களின் குடும்பத்தாருக்குத் தரும் எச்-4 விசாக்காரர்களில் ஒரு பகுதிக்கு வேலை அனுமதி கிடைத்தது 2015-ல், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை போட்ட விதியால். காங்கிரஸ் ஓட்டுப் போடவில்லை. புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் என்று 2025 செப்டம்பரில் வந்ததும் அதிபரின் பிரகடனம். இவையெல்லாம் ஃபெடரல் ரிஜிஸ்டர் என்ற அமெரிக்க அரசிதழில் வரும், அங்கே இமெயிலுக்கு சந்தா போட்டுவிடுங்கள். விதி முன்மொழிவு நிலையில் இருந்தால் ரெகுலேஷன்ஸ்.கவ் (regulations.gov) தளத்தில் நாமே கருத்து எழுதலாம், குடியுரிமை எல்லாம் தேவையில்லை.

மேப்பிள்மரம்:
ரொம்ப நன்றி அக்கா, டல்லாஸ் சாருக்கும்தான். நேற்று வந்த ஃபார்வர்டில் எண்ணே இல்லையே?

டல்லாஸ்வாசி:
எண் என்ன என்று குரூப்பிலேயே கேளுங்கள். கிடைத்தால் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.